வீட்டில் ஆக்ஸிஜன்: இயந்திரத்திலிருந்து மூக்குவரை

மருத்துவமனையில் ஆக்ஸிஜன் சுவரிலிருந்து வந்தது. அளவைத் திருப்பி வைக்கவும், குழாய் கழன்றால் மாட்டிவிடவும் நர்ஸ் இருந்தார். டிஸ்சார்ஜ் ஆகி வந்த இரவே அந்த வேலை முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. இயந்திரம் கொண்டுவந்தவர் பத்து நிமிடத்தில் ‘இது சுவிட்ச், இது குமிழ்’ என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். குமிழில் தெரியும் அளவு மூக்குக்குப் போய்ச் சேர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, மூக்கைச் சுற்றிக் கசியும் ஆக்ஸிஜனால் வீட்டில் எவையெல்லாம் ஆபத்தாகின்றன என்ற இரண்டையும் அவர் பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்

ஆக்ஸிஜனும் ஒரு மருந்துதான். மாத்திரைக்கு இருப்பதுபோல அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘வீட்டில் ஆக்ஸிஜன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூக்கத்தில் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் விரல் கருவியில் (பல்ஸ் ஆக்ஸிமீட்டர்) எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வையுங்கள். இரவு ஷிஃப்டில் பார்த்துக்கொள்ள வரும் தம்பிக்கோ அத்தைக்கோ அது தெரிய வேண்டும்.

மணி நேரக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு பிறகு கழற்றி வைப்பது வழக்கமாகிவிடுகிறது. புகை, விறகடுப்பு போன்றவற்றால் நுரையீரலின் மூச்சுக்குழாய்கள் நாள்பட்டுச் சுருங்கி அடைபட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள்தான் இன்றைய நடைமுறைக்கு அடிப்படை. ஓய்விலேயே ஆக்ஸிஜன் மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு நாளுக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ கொடுத்தபோதுதான் ஆயுள் கூடியது. தூங்கும் நேரத்தையும் சேர்த்தால் 15 மணி நேரம் மலையில்லை. இரவு முழுவதும் கேனுலா, அதாவது மூக்கில் மாட்டும் இருமுனைக் குழாய், மூக்கில் இருந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு ஆக்ஸிஜன் தேவைக்கு மேல் போனால் உடலில் கரியமில வாயு தேங்கும். அதனால்தான் அவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார். ‘எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு 98 காட்டுது, அப்பாவுக்கு 90தான்’ என்று குமிழைத் திருப்பினால், மறுநாள் காலை அப்பா தலைவலியோடும் தாங்க முடியாத தூக்கக் கலக்கத்தோடும் எழுவார், அல்லது எழுப்பினாலும் சரியாக எழ மாட்டார். நுரையீரல் தழும்பு நோய் உள்ளவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு உட்கார்ந்திருக்கையில் 94 காட்டும். கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது 80-க்கு இறங்கும். அடுத்த வீட்டுக்காரரின் எண்ணை நம் வீட்டுக்கு எடுக்க முடியாது.

எந்த இயந்திரம்

வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கான்சன்ட்ரேட்டர். அதற்குள் ஆக்ஸிஜன் நிரப்பி வைத்திருக்கவில்லை. அறையின் காற்றை இழுத்து, சியோலைட் என்ற மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளில் மாறி மாறி அழுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 93 சதவீத ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. காற்று இருக்கும்வரை, கரண்ட் இருக்கும்வரை ஓடும். சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும் ‘புஸ்’ சத்தம் அந்த உருளைகள் மாறும் சத்தம்தான், பயப்பட வேண்டாம்.

நிமிடத்துக்கு 1 முதல் 3 லிட்டர் தேவைப்படுபவருக்கு 5 லிட்டர் இயந்திரம் போதும். 4, 5 லிட்டர் தேவைப்பட்டால், நாளை கொஞ்சம் கூடக்கூடும் என்பதால் 10 லிட்டர் இயந்திரம் கேளுங்கள். 2021 கொரோனா அலையின்போது ‘1 முதல் 7 லிட்டர்’ என்று போட்ட மலிவான சிறு பெட்டிகள் ஏராளமாக வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பல 1 லிட்டரில் 90 சதவீதம் கொடுக்கும். குமிழை மேலே தள்ளத் தள்ளச் சுத்தம் சரிந்து, 7-இல் சாதாரணக் காற்றைவிடக் கொஞ்சம் மேலான ஒன்றைத்தான் ஊதும். பரணில் ஓரிரு வருடம் சும்மா கிடந்த நல்ல இயந்திரத்தையும் அப்படியே நம்ப முடியாது. சியோலைட் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் போய்விடும். வெளியே வரும் வேகம் மட்டும் அப்படியே இருக்கும் என்பதால் கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் ஒன்றை விடாமல் கேளுங்கள்: உங்கள் சீட்டில் உள்ள லிட்டர் அளவில் 10 நிமிடம் ஓடவிட்டு, ஆக்ஸிஜன் அனலைசர் என்ற சிறு கருவியை வைத்து சதவீதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 90-க்கு மேல் இருந்தால் சரி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை இயந்திரத்தின் மீட்டரிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று இயந்திரம் வரும், இரவு 2 மணிக்கு யார் போன் எடுப்பார் என்பதும் விலையோடு சேர்த்துப் பேச வேண்டியவை.

கடைகளில் விற்கும் கையடக்க ஆக்ஸிஜன் ஸ்ப்ரே டப்பாவை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். 10 லிட்டர் டப்பா என்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கில் 5 நிமிடம்.

முதல் நாள் பொருத்துவது

இயந்திரத்தை நோயாளி அதிக நேரம் இருக்கும் அறையில், சுவரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். அலமாரிக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் வைத்தால் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துச் சூடேறி நின்றுவிடும். சமையலறைப் பக்கம் வைத்தால் தாளிப்பு எண்ணெய்ப்புகை ஃபில்டரில் படியும். சத்தம் தொந்தரவாக இருந்தால் இயந்திரத்தை அடுத்த அறையில் வைத்து நீளக் குழாய் போடலாம். 5 லிட்டருக்குள் பொதுவாக 15 மீட்டர் வரை குழாய் தாங்கும். அதற்கு மேல் இரண்டு மூன்று இணைப்புகள் போட்டு நீட்டினால் வழியிலேயே கசியும்.

ப்ளக்கைச் சுவரில் உள்ள சாக்கெட்டிலேயே நேராகச் செருகுங்கள். டி.வி., ஃபோன் சார்ஜர், மிக்ஸி எல்லாம் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியென்றால் 1 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கம்ப்ரஸரைக் காப்பாற்றும்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு ‘பீப்’ சத்தம் வரும். பிறகு குமிழைத் திருப்பி அளவை வையுங்கள். கண்ணாடிக் குழாயில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் தவறாகத் தெரியும்; குனிந்து, கண் மட்டத்தில் பாருங்கள். சுத்தம் சரியான நிலைக்கு வர 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஆக்ஸிஜன் சதவீதம் காட்டும் விளக்கு உள்ள இயந்திரம் என்றால் அதற்குள் பச்சைக்கு வந்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பின்னும் மஞ்சளாகவே இருந்தால் இயந்திரக்காரரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர்க் குடுவை, அதாவது ஹியூமிடிஃபையர், எல்லோருக்கும் கட்டாயமில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் கீழே பெரும்பாலோருக்கு அது இல்லாமலே சரியாக இருக்கும். மூக்கு வறண்டு ரத்தம் கசிந்தால் போடுங்கள். போட்டால் ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் கிருமியின் வீடு. டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கிடைக்காத நாளில் நன்றாகக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணீர். கேன் தண்ணீரையோ ஃபில்டர் தண்ணீரையோ கொதிக்கவைக்காமல் ஊற்றாதீர்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கட்டும். மேல்கோட்டைத் தாண்டினால் குழாய்க்குள் தண்ணீர் ஏறி மூக்கில் தெறிக்கும். தினமும் பழைய தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மேலே கொஞ்சம் சேர்த்து ஊற்றுவது கணக்கில்லை. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு பங்கு வெள்ளை வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, உலரவிடுங்கள்.

‘ஆக்ஸிஜன் வரவில்லை’ என்ற புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் குடுவையின் மூடியைத்தான். மரை கோணலாக ஏறினால் காற்று மூடியோரமாகவே வெளியேறிவிடும். குமிழ் 2 லிட்டர் காட்டும், மூக்குக்கு ஒன்றும் வராது. கண்டுபிடிப்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் குமிழிகள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் மூடியைக் கழற்றி நேராக வைத்து மறுபடி திருகுங்கள். பிறகு குழாயைக் கையால் மடக்கிப் பிடியுங்கள். சில நொடியில் குடுவையின் பாதுகாப்பு வால்வு விசிலடித்தால் அதுவரை கசிவில்லை என்று பொருள். கடைசியாக, கேனுலாவின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி கிளம்பினால் மூக்குவரை வழி திறந்திருக்கிறது. தண்ணீரைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இந்த மூன்று சோதனைக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்தான் ஆகும். தினமும் காலையில் ஒருமுறை செய்துவிடுங்கள்.

மூக்கில் மாட்டுவது

கேனுலாவின் இரண்டு முனைகளும் வளைந்திருக்கும். வளைவு கீழ்நோக்கி, முகத்தை ஒட்டி வருமாறு மூக்கில் வையுங்கள். தலைகீழாக மாட்டினால் மூக்கின் கூரையில் குத்தும். குழாயைக் காதுகளின் மேலாகக் கொண்டுபோய், தாடைக்குக் கீழே கொண்டுவந்து, சறுக்கும் வளையத்தை மேலே தள்ளுங்கள். தாடைக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். இறுக்கினால் இரண்டே நாளில் காது மடலின் பின்புறம் புண்ணாகும். முன்கூட்டியே அந்த இடத்தில் மெல்லிய காஸ் துணியையோ பஞ்சு உறையையோ சுற்றிவிடுங்கள். வாயால் மூச்சுவிடுபவர்களுக்குப் பயன்படாதோ என்று கவலைப்பட வேண்டாம்; மூக்கடைப்பு இல்லாதவரை பெரும்பகுதி உள்ளே போய்விடும்.

கேனுலாவை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாய் விறைத்து மஞ்சளாகிவிட்டாலும், சளிக்காய்ச்சல் வந்து போனாலும் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நீளக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே பொருத்துங்கள். ஈரத்தோடு மாட்டுவது உள்ளிருக்கும் மணிகளுக்கு ஆகாது.

விரல் கருவியில் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவையுங்கள். கை ஜில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலாக இருக்கட்டும். முதலில் வரும் எண்ணை எடுக்காமல், அரை நிமிடம் நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்திருந்தால் ஆளை நம்புங்கள்.

எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்குவதும் உண்டு. மூச்சுத்திணறல் எல்லாமே ஆக்ஸிஜன் குறைவால் வருவதில்லை. முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தாலும் கணிசமாகத் தணியும்.

நெருப்பு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆக்ஸிஜன் தானாக எரியாது, வெடிக்காது. ஆனால் காற்றில் அது 21 சதவீதம்தான் இருக்கிறது. அந்த அளவுக்கே நம் அனுபவத்தில் உள்ள தீயின் வேகம் பழகியிருக்கிறது. கேனுலா போட்டவரின் மீசை, தலைமுடி, சட்டைக் காலர், தலையணை, போர்வை ஆகியவற்றில் அதைவிட அதிக ஆக்ஸிஜன் ஊறி நிற்கும். சாதாரணமாக விழுந்து அணைந்துபோகும் ஒரு பொறி அங்கே நொடியில் பற்றும். பிளாஸ்டிக் குழாயே திரியாக மாறி முகத்தை நோக்கி எரியும்.

வீட்டில் தீ எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். பூஜை அறையின் குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, ஊதுவத்தி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மாலையில் கொசுவத்திச் சுருள். கரண்ட் போனால் மெழுகுவத்தி. கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல். சமையலறை அடுப்பு. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதற்குள் ஒரு சுடர். இவை எதுவும் ஆக்ஸிஜனில் இருப்பவரிடமிருந்து மூன்று மீட்டருக்குள், அதாவது பத்தடிக்குள், இருக்கக் கூடாது. ஆரத்தியை அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமென்று தட்டை முகத்தருகே கொண்டுபோவது பாசத்தில் செய்வதுதான், ஆனால் செய்யவே கூடாதது. விளக்கைத் தூரத்தில் வைத்து அங்கிருந்தே கும்பிடட்டும். நோயாளியின் அறையில் மின்சார அகல் போதும். சாம்பிராணிக்கும் ஊதுவத்திக்கும் கொசுவத்திக்கும் இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் புகையே நுரையீரலுக்குக் கேடு. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

‘இரண்டு நிமிடம் கழற்றிவிட்டு விளக்கேற்றுகிறேன்’ என்பதும் போதாது. ஆக்ஸிஜனை நிறுத்திய பிறகும் துணியிலும் முடியிலும் ஊறியது விலக நேரம் வேண்டும். நிறுத்தி, கேனுலாவைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரம் இருந்த பிறகுதான் நெருப்பின் பக்கம் போகலாம். பயன்படுத்தாதபோது கேனுலாவை ஓடவிட்டபடி மெத்தையில் போடாதீர்கள். முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

பீடியும் ஆக்ஸிஜனும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. நோயாளி இன்னும் புகைக்கிறார் என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விட உதவும் மருந்துகள் உள்ளன. விருந்தாளிகளும் வாசலுக்கு வெளியே போய்ப் பிடிக்கட்டும். ‘இங்கே ஆக்ஸிஜன் பயன்பாட்டில் உள்ளது, புகைக்காதீர்’ என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். குழாயில் செருகக்கூடிய தீத்தடுப்பு இணைப்பு என்று ஒரு சிறு பொருள் உண்டு. குழாயில் தீ பிடித்தால் சூட்டில் உருகி ஆக்ஸிஜனை அங்கேயே அடைத்துவிடும். இயந்திரக்காரரிடம் கேட்டு, கேனுலாவுக்குப் பக்கத்தில் ஒன்று, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கும் ஆக்ஸிஜனுக்கும் ஆகாது. மூக்கு வறண்டால் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, நெஞ்சுச் சளிக்குத் தைலம், உதட்டுக்கு வாசலின் என்பதெல்லாம் நம் கை தானாகச் செய்யும் வேலை. கேனுலா இருக்கும் முகத்தில் இவை வேண்டாம். மருந்துக்கடையில் உப்புநீர் மூக்கு ஸ்ப்ரேயும், தண்ணீர் சார்ந்த ஜெல்லும் கிடைக்கும், அவற்றைப் போடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். சானிடைசர் போட்டால் கை முழுவதும் உலரும்வரை பொறுங்கள்.

தப்பித் தவறி முகத்தருகே தீ பிடித்தால் முதலில் கேனுலாவைப் பிடுங்கி எறியுங்கள், பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். இன்னொருவர் இயந்திரத்தையோ சிலிண்டரையோ மூடட்டும். ஆளை வெளியே கொண்டுபோய், 108-க்கும் 101-க்கும் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்

5 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 150 ஏ.எச். பேட்டரி, 12 வோல்ட் கணக்கில் காகிதத்தில் 1,800 வாட்-மணி. அதில் உண்மையில் கையில் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆகப் புதுப் பேட்டரியில் மூன்று, மூன்றரை மணி நேரம். மூன்று வருடப் பழைய பேட்டரியில் அதில் பாதிகூட வராமல் போகலாம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் உறுமிச் சூடேறும். ஒரு பகலில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, மெயினை அணைத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மதியம் தாண்டித்தான் வரும். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ ஃபோனில் ஏற்றி வையுங்கள். பிரிவு அலுவலகத்தில் வீட்டில் உயிர்காக்கும் இயந்திரம் இருப்பதை எழுதிக் கொடுத்தால், தடைபடும் நாளை முன்பே கேட்டறிய வழி பிறக்கும்.

இன்வெர்ட்டர் இருந்தாலும் ஒரு சிலிண்டர் கட்டாயம் வேண்டும். இயந்திரமே கெட்டுப்போனால் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ‘பி டைப்’: கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து, 10 லிட்டர் கொள்ளளவு. மீட்டர் பார் (அல்லது கி.கி./ச.செ.மீ.) என்ற அழுத்தக் கணக்கில் இருந்தால், அதில் தெரியும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும். 150 காட்டினால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டரில் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 50 காட்டினால் 500 லிட்டர், நான்கு மணி நேரம். ஆளுயர ‘டி டைப்’ சிலிண்டரில் 7,000 லிட்டர் இருக்கும். அதே அளவில் இரண்டு நாளுக்கு மேல் வரும். மீட்டர் பி.எஸ்.ஐ. கணக்கில் இருந்தால் 2,200 என்பது முழுச் சிலிண்டர். பார் மீட்டரில் முள் 20-க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

சிலிண்டரை மாட்டும் வரிசை முக்கியம். நிற்கவைத்து, தாங்கியிலோ சுவர்க் கொக்கியிலோ சங்கிலியால் கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்தால் அது ராக்கெட்தான். ரெகுலேட்டரை மாட்டும் முன், ஆள் இல்லாத பக்கமாக வாயைத் திருப்பி, சாவியால் வால்வைக் கால் நொடி திறந்து மூடுங்கள்; உள்ளே இருக்கும் தூசி பறந்துவிடும். வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ரெகுலேட்டரைப் பொருத்துங்கள். குக்கர் ரப்பரை வெட்டி வாஷராக வைப்பது, கிரீஸ் தடவுவது இரண்டும் தீயை அழைப்பது. லிட்டர் அளவை வைக்கும் ஃப்ளோமீட்டர் குமிழ் மூடியிருக்கட்டும். முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சாவியை இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். சட்டென்று திறந்தால் அழுத்தம் ஒரே அடியில் பாய்ந்து ரெகுலேட்டருக்குள்ளேயே சூட்டைக் கிளப்பும். ‘ஸ்ஸ்’ என்று சீறினால் வால்வை மூடி, வாஷரை மாற்றி மறுபடி பாருங்கள். ஸ்பானரை வைத்து மூர்க்கமாக இறுக்க வேண்டாம். சாவி சிலிண்டரிலேயே கயிற்றில் தொங்கட்டும். இருட்டில் தேடும் பொருள் அதுதான்.

கரண்ட் போன இரவில் நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்ற உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? டார்ச் வெளிச்சத்தில் வீட்டில் இரண்டு பேராவது ஒருமுறை செய்து பாருங்கள்.

அன்றாடம்

குழாய் தடுக்கி விழுவது, நெருப்பைவிட அடிக்கடி நடக்கும் விபத்து. நடைபாதையில் குழாயைச் சுவரோரமாக ஒதுக்குங்கள். இரண்டு அடிக்கு ஒருமுறை வண்ண டேப் சுற்றினால் தரையில் தெரியும். கட்டில் காலும் நாற்காலிச் சக்கரமும் குழாயின் மேல் ஏறி நிற்கின்றனவா என்று பார்ப்பதும் வழக்கமாகட்டும்.

குளிக்கும்போது கழற்ற வேண்டியதில்லை. அப்போதுதான் ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும். இயந்திரத்தை வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில், கதவைத் தாழிடாமல். சாப்பிடும்போதும் கேனுலா இருக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சுக்கு இடமிருக்காது. சின்னச் சின்ன வேளைகளாகக் கொடுங்கள். நோயாளியே சமைக்கிறவர் என்றால் கேஸ் அடுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, காய் நறுக்குவதை மேசையில் உட்கார்ந்து செய்யட்டும்.

வெளியே போகக் காரில் சிலிண்டரை நிற்கவைத்துக் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தோளில் மாட்டும் பேட்டரி கான்சன்ட்ரேட்டர் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவற்றில் பல, மூச்சை இழுக்கும் நொடியில் மட்டும் ஒரு துளி விடும் வகை. அதில் ‘2’ என்பது 2 லிட்டர் கிடையாது. நோயாளிக்கு மாட்டி, நடக்கவைத்து, விரல் கருவியில் பார்த்த பிறகே வாங்குங்கள். விமானத்தில் சொந்தச் சிலிண்டரை விடமாட்டார்கள். பேட்டரி இயந்திரத்துக்கு முன்கூட்டியே அனுமதியும் மருத்துவர் படிவமும் வேண்டும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடும் பேட்டரி கையில் இருக்கட்டும்.

எண் இறங்கும்போது

பதறி அளவைக் கூட்டும் முன் வழியைப் பாருங்கள். இயந்திரம் ஓடுகிறதா, குண்டு சரியான கோட்டில் நிற்கிறதா, குடுவையில் குமிழி வருகிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா, முனை மூக்கில்தான் இருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். சிலிண்டரில் எண் ஏறினால் கோளாறு இயந்திரத்தில். ஏறாவிட்டால் நோயில்.

உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், நெஞ்சு வலித்தால், குழறினால், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் 108. வண்டி வரும்வரை அளவைக் கூட்டலாமா, எவ்வளவு என்பது இயந்திரத்தில் ஒட்டிய தாளில் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். சளியின் நிறம் மாறுவதும், வழக்கத்தைவிட ஒரு லிட்டர் கூடுதலாகத் தேவைப்படுவதும், கால் வீங்குவதும் அவசரமில்லை. ஆனால் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயங்கள்.

நிமோனியா போன்ற திடீர் நோய்க்குப் பின் ஆக்ஸிஜனோடு வந்தவர்களில் பலருக்கு அது நிரந்தரமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதித்து, இன்னும் தேவையா என்று கேளுங்கள். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் சிலிண்டரின் வால்வை இறுக மூடி, ரெகுலேட்டரில் மிச்சமிருக்கும் வாயுவை வெளியேற்றிக் கழற்றி, மீட்டரின் கடைசி எண்ணையும் வாடகை நாளையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். சொந்த இயந்திரமென்றால் பரணில் போட்டு வைக்க வேண்டாம். மணிகளில் ஈரம் ஏறும் முன் தேவைப்படும் ஒருவருக்குப் போகட்டும்.